எந்த எண்ணெய் என்று கேட்காதீர்கள்... எத்தனையாவது முறை என்று கேளுங்கள்!



எண்ணெய் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பில் ஒருவன் கேட்டான், "சமையல் குறிப்பா, பெட்ரோல் விலையா?" என்று. இரண்டும் இல்லை. காலையில் தலைக்கு, மதியம் தாளிக்க, சாயங்காலம் பஜ்ஜிக்கு, சாமி விளக்குக்கு, கதவு கிறீச்சிட்டால் கீலுக்கு... எழுந்ததிலிருந்து தூங்கும் வரை நாம் தொட்டுக்கொண்டே இருக்கும் பொருள் எண்ணெய். ஆனால் அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் டிவி விளம்பரம் சொன்னது, இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்தது.

இப்போது வீட்டுக்கு வீடு ஒரு பட்டிமன்றம் நடக்கிறது. செக்கு எண்ணெயா, ரீபைண்ட் எண்ணெயா? அப்பா ஒரு கட்சி, அம்மா ஒரு கட்சி. எங்கள் பூரணாங்குப்பத்தில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இதே கதைதான். என் கருத்து என்னவென்றால், இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பே தப்பு! ஏன் என்று சொல்வதற்கு முன் எண்ணெய் பற்றிச் சில தகவல்களைப் பார்த்துவிடலாம். தம்பி தங்கைகள் படித்தாலும் புரியும்படிதான் எழுதுகிறேன்.

பெயரிலேயே எள் இருக்கிறது

எள் + நெய் = எண்ணெய். அதாவது எள்ளிலிருந்து எடுத்த நெய். இன்று நாம் "நல்லெண்ணெய்" என்று தனியாகச் சொல்வதுதான் ஒரு காலத்தில் வெறும் "எண்ணெய்". பிறகு தேங்காயிலிருந்து எடுத்ததற்கும், வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்ததற்கும், கடைசியில் மண்ணுக்கு அடியிலிருந்து வந்ததற்கும் அதே பெயரை ஒட்டிவிட்டோம். மண்ணெண்ணெய் என்று பிரித்துப் பார்த்தால் "மண்ணிலிருந்து வந்த எள்ளின் நெய்"! சிரிப்பாக இல்லை?

நம்மை மட்டும் கேலி செய்ய வேண்டாம். ஆங்கிலத்தில் "ஆயில்" என்ற சொல்லும் ஆலிவ் என்ற பழத்தின் பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். பெட்ரோலியம் என்றால் லத்தீனில் "கல் எண்ணெய்". அவரவர் ஊரில் எது விளைந்ததோ அதன் பெயரையே எல்லா எண்ணெய்க்கும் வைத்திருக்கிறார்கள்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு வேறு. சமையல் எண்ணெய் என்பது கிளிசரால் என்ற ஒன்றோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கைகோத்து நிற்பது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த வேறு குடும்பம். முதல் குடும்பத்தை நம் வயிறு செரித்துவிடும். இரண்டாவதை அதனால் முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். 1 லிட்டர் எண்ணெய் 1 கிலோ இருக்காது. சுமார் 910 கிராம்தான் இருக்கும். தண்ணீரைவிட லேசு என்பதால்தான் மிதக்கிறது. அடுத்த முறை பாக்கெட் வாங்கும்போது லிட்டரோடு கிராமையும் சேர்த்துப் பாருங்கள். சில பாக்கெட்டுகள் 1 லிட்டர் போலவே தெரியும், உள்ளே இருப்பது அதைவிடக் குறைவு.

மல்லாட்டை போன கப்பல்

நம்ம பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மணிலாக் கொட்டைதான் பேச்சில் மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயர் அது. ஆனால் அந்தச் செடியின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. இவ்வளவு தூரம் சுற்றி வந்த செடி, விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டிப் பக்கத்துப் புன்செய் நிலங்களில் சொந்த ஊர் போல உட்கார்ந்துவிட்டது.

இதில் புதுச்சேரிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுற்று வட்டாரத்துக் கடலையெல்லாம் மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை வந்ததும் மூட்டைகளுக்கு வழி இன்னும் சுலபமானது. மார்செய்யில் அதை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். அந்த ஊர் சோப்புக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் ஆலிவ் எண்ணெயில் மட்டுமே சோப்பு காய்ச்சிய ஊர், பிறகு கடலை, எள், கொப்பரை என்று கடல் கடந்து வந்த எண்ணெய்களுக்கும் மாறியது. நம் ஊர்க் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்த மல்லாட்டை பிரெஞ்சுக்காரர் கையில் நுரையாகப் பொங்கியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள் :)

இதோடு இன்னொன்று. 1900இல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். அதில் ஊற்றியது கடலை எண்ணெய்! டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர், ருடால்ஃப் டீசல். பிற்காலத்தில் அவரே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சமையல் எண்ணெயில் வண்டி ஓட்டுவது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த புதுமை இல்லை. இந்தத் தகவலை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு வேலை

1. நல்லெண்ணெய்: ஊறுகாய்க்கு ஏன் இதையே ஊற்றுகிறார்கள்? எள்ளிலேயே இருக்கும் சில பொருட்கள் எண்ணெயைச் சீக்கிரம் கெடவிடாமல் காக்கின்றன. மற்ற பல எண்ணெய்கள் சிக்கு வாடை அடிக்கும் காலத்திலும் இது தாக்குப்பிடிக்கும்.

2. தேங்காய் எண்ணெய்: சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழியில் பாட்டிலை வெயிலில் வைத்துத் தலைக்குத் தேய்ப்பது அதனால்தான். இதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. உறைவதற்குக் காரணமும் அதுவே.

3. விளக்கெண்ணெய்: ஆமணக்கிலிருந்து வருவது. வழவழவென்று பேசுபவனைத் திட்டவும் பயன்படும். ஆனால் இந்த வழவழப்புக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. காஸ்ட்ரால் என்ற எஞ்சின் ஆயிலின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்ததுதான். நைலானில் ஒரு வகையையும் இதிலிருந்து செய்கிறார்கள். உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில்.

4. வேப்பெண்ணெய்: செடிப் பூச்சிக்கு நம் ஆட்கள் காலங்காலமாகத் தெளித்தது. யூரியா உரம் முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு கொண்டுவந்தது. பூசினால் உரம் மண்ணில் மெதுவாகக் கரையும்.

5. புன்னை எண்ணெய்: கடற்கரை ஊர்களில் புன்னை மரம் நிறைய. அதன் கொட்டை எண்ணெயை அந்தக் காலத்தில் விளக்குக்கும் ஊற்றினார்கள், மரப் படகுக்கும் பூசினார்கள். இப்போது எல்லாம் ஃபைபர் படகு ஆகிவிட்டதால் புன்னைக்கு வேலை குறைந்துபோனது.

6. முந்திரி ஓட்டு எண்ணெய்: பண்ருட்டி முந்திரி எல்லோருக்கும் தெரியும். அதன் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் பொத்துப் போகும். ஆனால் பெயின்டுக்கும், வண்டியின் பிரேக் கட்டைக்கும் அது வேண்டும். பருப்பு தின்பதற்கு, ஓடு பிரேக் பிடிப்பதற்கு!

7. ஆளி விதை எண்ணெய்: கிரிக்கெட் மட்டைக்குத் தடவுவது. காற்றுப் பட்டால் காய்ந்து படலமாகும் என்பதால் ஓவியர்களும் வண்ணத்தில் கலப்பார்கள்.

இப்படி எண்ணெய்க்கு எண்ணெய் குணம் வேறு. தாளிக்க ஒன்று, தலைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று என்று எங்கள் ஆயா காலத்தில் பிரித்து வைத்திருந்தார்கள். இன்று ஒரே பாக்கெட்டை வாங்கி எல்லாவற்றுக்கும் ஊற்றிவிட்டு, அது நல்லதா கெட்டதா என்று மட்டும் சண்டை போடுகிறோம்.

இரண்டு கட்சியும் பாதி சரி

பட்டிமன்றத்துக்கு வருவோம்.

செக்கு எண்ணெய்க்காரர்கள் சொல்வது: விதையை ஆட்டிப் பிழிந்தது மட்டும்தான், வாசனையும் விதையின் சத்தும் அப்படியே இருக்கிறது. உண்மை. ரீபைண்ட் எண்ணெய் பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்து, பசை நீக்கி, களிமண்ணில் வெளுத்து, 200 டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சி வாசனையைப் போக்கியது. அதில் வைட்டமின் ஈ போன்றவை கொஞ்சம் குறைந்துவிடும். இதுவும் உண்மை.

எதிர்க்கட்சி சொல்வதையும் கேளுங்கள். ஈரத்தில் வைத்த கடலையில் ஒரு பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற விஷம் உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப்போனதைத் தொடர்ந்து, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த விஷமே கண்டுபிடிக்கப்பட்டது. பூஞ்சைக் கடலையைச் செக்கில் போட்டால் இந்த விஷத்தில் கொஞ்சம் எண்ணெயிலும் வரும். சுத்திகரிக்கும்போது காரம் சேர்ப்பதால் அது நீங்கிவிடும். ஆக, நல்ல கடலையைக் கண்ணால் பார்த்து ஆட்டினால் செக்கு நல்லது. யாரோ எங்கேயோ எதையோ ஆட்டி "மரச்செக்கு" என்று லேபிள் ஒட்டினால், அது வெறும் லேபிள்தான்.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்" என்று போடுகிறார்கள் இல்லையா? எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. "எங்கள் இட்லியில் எலும்பு இல்லை" என்று விற்பது மாதிரி இது. அதே போல எந்த எண்ணெயாக இருந்தாலும் 1 கிராமுக்கு 9 கலோரி. செக்கில் ஆட்டினால் 9, மில்லில் எடுத்தால் 9. "லைட்" என்று எழுதியிருந்தாலும் 9தான்.

உட்கார்ந்து வேலை பார்க்கும் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய் போதும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் 3 லிட்டர். உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் ஆகிறது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், இன்னொரு அப்பளம் கேட்டது நாம்தான்.

ஆக, இரண்டு எண்ணெய்க்கும் இடையே உள்ள வித்தியாசம் உண்மைதான், ஆனால் சின்னது. பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அது வாணலிக்குள்!

வாணலிக்குள் என்ன நடக்கிறது?

எண்ணெயைச் சுமார் 180 டிகிரிக்குக் காய்ச்சி அதில் பஜ்ஜியைப் போடுகிறோம். உடனே மூன்று எதிரிகள் வேலையை ஆரம்பிக்கிறார்கள். மாவில் இருக்கும் தண்ணீர், கைகோத்து நிற்கும் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுகிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அவற்றைச் சிக்கு வாடை அடிக்கும் பொருட்களாக மாற்றுகிறது. சூடு, பிரிந்ததையும் மாறியதையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாக்குகிறது. பழைய எண்ணெய் பிசுபிசுவென்று இருப்பதும், பொங்கிப் பொங்கி நுரைப்பதும், அடுப்பில் வைத்ததுமே புகைவதும் இதனால்தான். கண் எரியும் அந்தப் புகையில் அக்ரோலின் என்ற பொருள் இருக்கிறது.

இப்படிக் கெட்டுப்போனவற்றை மொத்தமாக அளப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் மொத்தத் துருவச் சேர்மங்கள். எண்ணெயில் இவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது இந்தியாவில் சட்டம். இவை ரத்தக் கொதிப்பு, ரத்தக்குழாய் தடிப்பு, கல்லீரல் நோய் போன்றவற்றோடு தொடர்புடையவை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. கையில் பிடிக்கும் சின்னக் கருவியை எண்ணெயில் விட்டால் எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும்.

இங்கேதான் என் கட்சி. புத்தம் புது ரீபைண்ட் எண்ணெயில் ஒரு முறை பொரித்த வடையையும், அசல் மரச்செக்கு எண்ணெயை ஒரு வாரம் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரித்த வடையையும் வைத்தால் நான் முதல் வடையைத்தான் எடுப்பேன். செக்கு எண்ணெய் என்பதால் அது கெடாமல் இருக்காது. சொல்லப்போனால் சுத்திகரிக்காத எண்ணெய் சீக்கிரமே புகைய ஆரம்பிக்கும். சுத்திகரித்த கடலை எண்ணெய் சுமார் 230 டிகிரி வரை தாங்கும், ஆட்டிய எண்ணெய் அதற்கு வெகு முன்பே புகைந்துவிடும். தாளிக்கவும் குழம்புக்கும் செக்கு எண்ணெய் அருமை. அதையே முழுக்க ஊற்றிப் பொரித்து, மிச்சத்தை வைத்து வைத்துக் காய்ச்சுவதுதான் பிரச்சினை.

வீட்டிலும் இது நடக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய், அடுத்த வாரம் மீன் வறுக்க, அதற்கடுத்து அப்பளத்துக்கு. குறைந்தால் மேலே புது எண்ணெயை ஊற்றிக்கொள்வது. பழையதில் பிரிந்து கிடக்கும் அமிலங்கள் புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். புளித்த மோரைப் புதுப் பாலில் விட்ட கதைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சின்னவர்கள் கவனிக்க வேண்டும். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது! தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரிகிற எண்ணெயைத் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டையோ மூடியையோ போட்டு மூடுங்கள். காற்று இல்லாவிட்டால் தீ இல்லை.

அக்காவைத் திட்டி என்ன ஆகும்?

சாயங்காலம் பள்ளி விட்டதும் பையன்கள் எங்கே நிற்கிறார்கள்? தள்ளுவண்டி முன்னால். வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, மீன் வறுவல். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன், மறுக்கவில்லை. மழை பெய்கிற நாளில் கடலூர் ரோட்டுப் பக்கம் பஜ்ஜி வாசனை வந்தால் நிற்காமல் போகிற ஆள் யாராவது இருந்தால் காட்டுங்கள்!

பழைய எண்ணெயில் சுடுகிறார்கள் என்று வண்டிக்கார அக்காவைத் திட்டுவது சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தியா சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடுமாறியது. அதே ஆண்டு ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. எங்கேயோ குண்டு விழுந்ததற்கும் எங்கேயோ கப்பல் நின்றதற்கும் விலை கொடுத்தது இங்கே நம் தெருமுனை வாணலி. ஆனால் பஜ்ஜி விலையை ஒரே நாளில் ஏற்ற முடியுமா? ஏற்றினால் நாமே பக்கத்து வண்டிக்குப் போய்விடுவோம். மிச்ச எண்ணெயைக் கொட்டினால் அன்றைய லாபம் போயிற்று. அப்புறம் எப்படிக் கொட்டுவார்?

அந்த அக்காவின் உடம்பையும் நினைத்துப் பாருங்கள். நாம் ஐந்து நிமிஷம் நின்று தின்றுவிட்டுப் போகிறோம். அவர் தினமும் பல மணி நேரம் அந்தப் புகைக்கு முன்னால் நிற்கிறார். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது வரும் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட தொகுதியிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. சீக்கிரம் புகையும் பழைய எண்ணெயால் முதலில் கெடுவது அவர் மூச்சு.

சட்டத்தில் ஒரு ஓட்டை

அரசு சும்மா இருக்கவில்லை. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் செய்யும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. எண்ணெயோடு மெத்தனாலையும் ஒரு வினையூக்கியையும் சேர்த்தால் பயோடீசலும் கிளிசரினும் பிரியும். 1900இல் பாரிஸில் ஓடிய எஞ்சினை மறக்க வேண்டாம் என்றேனே, இதற்குத்தான்.

2019 மார்ச் 1 முதல், நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெயில் பொரிக்கும் கடைகள் கணக்கு எழுதி வைத்து, மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். நல்ல விதி. பெரிய ஓட்டலுக்கும் சிப்ஸ் கம்பெனிக்கும் இது பொருந்தும். ஆனால் தள்ளுவண்டி அக்கா ஊற்றுவது நாளைக்கு மூன்று நான்கு லிட்டர். 25 சதவீத வரம்பு அவருக்கும் உண்டு, ஆனால் அந்த மிச்சத்தை வாங்கிப்போக யாரும் வரப்போவதில்லை. இரண்டு லிட்டருக்காக எந்த வண்டி பூரணாங்குப்பம் வரும்? "கெட்டதைக் கொட்டு" என்று சொல்லும் சட்டம், கொட்டினால் வரும் நஷ்டத்தை யார் தாங்குவது என்று சொல்லவில்லை.

கொட்டுவதும் எங்கே? சாக்கடையில்தான். அங்கே அது குப்பையோடு சேர்ந்து கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் ஓடினால் வாய்க்கால் வழியாகச் சுண்ணாம்பாறு, அதன் பிறகு கடல். தண்ணீர் மேல் படலமாக நின்றால் காற்று உள்ளே இறங்காது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எரிபொருள் எண்ணெய் கரை ஒதுங்கியபோது மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளிய காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நம் வாணலி எண்ணெய் அந்த அளவு விஷம் இல்லைதான். ஆனால் வீட்டுக்கு ஒரு கரண்டி என்றாலும் ஊர் முழுக்க எவ்வளவு ஆகும்?

என்ன செய்யலாம்?

என் யோசனை ரொம்பப் பெரியது இல்லை.

ஒரு வண்டிக்கு இரண்டு லிட்டர் என்றால் யாரும் வர மாட்டார்கள். ஒரு கொம்யூனில் இருக்கும் தள்ளுவண்டிகள், டீக்கடைகள், பள்ளி கல்லூரி கேன்டீன்கள், விடுதிகள், கல்யாண மண்டபங்கள் எல்லாம் சேர்ந்தால் பீப்பாய் நிரம்பும். கொம்யூன் பஞ்சாயத்து ஒரு இடத்தில் பீப்பாய் வைக்கட்டும். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று வாரம் இரண்டு நாள் எண்ணெயை அளந்து வாங்கி, லிட்டருக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுக்கட்டும். நிரம்பியதும் பயோடீசல் ஆலைக்குப் போகட்டும். கொட்டினால் நஷ்டம் என்பது போய், கொடுத்தால் காசு என்று ஆனால் அக்கா ஏன் பழையதைக் காய்ச்சப் போகிறார்? பழைய பேப்பரையும் பாட்டிலையும் யாரும் தெருவில் எறிவதில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

"அந்த எண்ணெயை யாராவது வாங்கி வெளுத்து மறுபடியும் சமையலுக்கே விற்றுவிட்டால்?" என்று கேட்கலாம். நியாயமான பயம். 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எண்ணெயில் கலப்படம் செய்பவனுக்கு மனசாட்சி கிடையாது. அதனால்தான் தனியார் டின்னில் வாங்கிப் போவதைவிட, ரசீதோடு பஞ்சாயத்துக் கண் முன்னால் நடக்க வேண்டும் என்கிறேன். இப்போது அந்த எண்ணெய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட இது மேல்.

நாம் என்ன செய்யலாம்?

- வீட்டில் பொரிக்கச் சின்ன வாணலி எடுங்கள். எண்ணெய் குறைவாக ஊற்றினால் மிச்சமும் குறைவு.
- மிச்சத்தை வடிகட்டி ஆற வைத்து, இரண்டொரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். புகைந்தாலோ, நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ விட்டுவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மீன் மசாலா எண்ணெயை முதல் முறையே கறுப்பாக்கிவிடும்.
- கெட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.
- விளக்குக்கு என்று விற்கும் எண்ணெயைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பாட்டிலிலேயே எழுதியிருப்பார்கள்.
- வேதியியல் ஆய்வகத்தில் சோப்பு செய்யும் பாடம் வரும்போது, ஆசிரியர் முன்னால், கேன்டீன் மிச்ச எண்ணெயில் செய்து பாருங்கள். காஸ்டிக் சோடாவை வீட்டில் தொட வேண்டாம், கையைப் பொத்துவிடும். மார்செய்க்காரர்கள் நம் மல்லாட்டையில் செய்ததை நாம் செய்து பார்க்க வேண்டாமா?
- கடையில் சண்டை போடாமல், சிரித்துக்கொண்டே கேளுங்கள்: "அக்கா, இது இன்னைக்கு ஊத்துன எண்ணெயா?" ஒருவன் கேட்டால் அக்கா முறைப்பார். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார். எல்லோரும் கேட்டால் "இன்று புது எண்ணெய்" என்று அவரே அட்டையில் எழுதி மாட்டுவார். அப்படி எழுதுகிற கடையில் ஒரு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கலாம், நான் தயார்.

செக்கா, ரீபைண்டா என்ற பட்டிமன்றம் காசு உள்ள வீட்டுச் சமையலறையில் நடப்பது. லிட்டருக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க முடிந்தவர்கள் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே வீட்டுப் பிள்ளையும், அப்படி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் சாயங்காலம் ஒரே வண்டியில்தான் பஜ்ஜி தின்கிறார்கள். அந்த வாணலி நல்லதாக இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. அதனால்தான் சொல்கிறேன், எந்த எண்ணெய் என்று கேட்பதற்கு முன் எத்தனையாவது முறை என்று கேளுங்கள்.

மீண்டும் இன்னொரு தலைப்பில் சந்திப்போம். வரட்டுமா நண்பர்களே!